நாற்பத்தொரு தவறுகள்

"நாற்பத்தொண்ணு! ஒரே மாசத்துல நாற்பத்தொரு தப்பு! இது வார்டா, இல்ல சந்தையா?"

பெரிய டாக்டர் நோட்டைத் தூக்கி மேஜைமேல் எறிந்தார். எதிரே நின்ற நாலாம் வார்டு சிஸ்டர் தலை குனியவில்லை. பெரிய டாக்டரின் எரிச்சலில் பாதி அதனால்தான்.

"மத்த அஞ்சு வார்டையும் பாருங்க. எல்லாம் பூஜ்யம்!"

"ஆமாம் சார், சுத்தமான பூஜ்யம்" என்றார் பக்கத்தில் நின்ற ஹெட் கிளார்க். ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயரே 'ஆமாம் சார்'தான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகை இந்த ஆஸ்பத்திரியைக் கிழி கிழியென்று கிழித்திருந்தது. உடனே பெரிய டாக்டர் ஒரு புதுமை செய்தார். வார்டுக்கு ஒரு தவறு நோட்டு. நடந்த தவறை அங்கே வேலை செய்பவர்களே எழுத வேண்டும். மாதக் கடைசியில் எண்ணிக்கை வாசல் போர்டில் ஏறும், ஊர் உலகம் பார்க்க. போர்டின் தலையில் 'எங்கள் தவறுகளை நாங்களே சொல்வோம்' என்று கொட்டை எழுத்து. அதன் கீழே அவர் நின்று சிரிக்கும் படம் அதே பத்திரிகையில் வந்தது.

நாளை மறுநாள் தரச் சான்றிதழ்க் குழு வருகிறது. வாசலில் நுழைந்ததும் முதலில் அந்தப் போர்டைத்தான் பார்க்கும்.

பெரிய டாக்டர் நோட்டைப் பிரித்துப் படித்தார்.

"'ஏழாம் படுக்கை. பத்து மணி மாத்திரை பதினொண்ணேகாலுக்குக் கொடுக்கப்பட்டது. காரணம், நான் மறந்துவிட்டேன்.' ஏன் சிஸ்டர், மறந்ததை ஞாபகமா எழுதி வைப்பீங்களோ?"

"மறுபடி மறக்கக் கூடாதுன்னுதான் சார். இப்ப அந்த நேரத்துக்கு அலாரம் வச்சிருக்கோம்."

"'பன்னிரண்டாம் படுக்கை. பக்கக் கம்பி தூக்கி விடப்படவில்லை. நோயாளி விழவில்லை.' விழலைன்னா அப்புறம் என்னம்மா தப்பு?"

"விழுந்தப்புறம் எழுதினா யாருக்கு சார் உபயோகம்?"

"பேஷன்ட் வீட்டுக்காரங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"நானே சொன்னேன் சார். மன்னிப்பும் கேட்டேன்."

"மன்னிப்பா!" பெரிய டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "வக்கீலுக்கு நாமளே போன் போட்டுக் கொடுத்திருக்கலாமே!"

"யாரும் வக்கீல்கிட்ட போகலை சார். ஒருத்தர், சொன்னதுக்கு நன்றின்னு சொல்லிட்டுப் போனார்."

"மூணாம் வார்டைப் பார்த்துக் கத்துக்குங்க. நோட்டோட பிளாஸ்டிக் கவரைக்கூட இன்னும் பிரிக்கலை. அதான் ஒழுங்கு!"

"போன மாசம் அங்கே ஒருத்தர் கட்டில்லேர்ந்து விழுந்தாரே சார்?"

"அவர் விழலை" என்றார் ஹெட் கிளார்க். "'நோயாளி தாமாகவே தரைக்கு இடம் மாறினார்'னு கேஸ் ஷீட்லயே தெளிவா இருக்கு."

சிஸ்டர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். "நாங்களே சொல்வோம்னு நீங்கதானே சார் போர்டு வச்சீங்க?"

"போர்டு வச்சா, அதுக்காகச் சொல்லிடறதா?" பெரிய டாக்டருக்கு நிஜமாகவே ஆச்சரியம். ஒரு தாளை சிஸ்டர் முன்னால் தள்ளினார். "இதுல கையெழுத்துப் போடுங்க. 'மேற்படி நாற்பத்தொன்றும் தவறுகள் அல்ல, அவற்றை எழுதியதே தவறு.' போர்டுல பூஜ்யத்தை நான் போட்டுக்கறேன்."

"போடலைன்னா?"

"துணி ஸ்டோருக்குப் போங்க. போர்வையை எண்ணிக்கிட்டு உட்காருங்க. அங்கே எந்தத் தப்பு பண்ணினாலும் யாரும் சாக மாட்டாங்க."

சிஸ்டரின் குரல் அப்போதுதான் முதல் தடவையாக உடைந்தது. "இருபத்திரண்டு வருஷமா பேஷன்ட் பக்கத்துல நிக்கிறேன் சார். எனக்கு வேற எதுவும் தெரியாது. என்னை வார்டை விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க."

"அப்போ கையெழுத்துப் போடுங்க."

சிஸ்டர் பேனாவை எடுத்தார். தாளை இரண்டு தரம் படித்தார். பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டார்.

"போட்டா இது நாற்பத்திரண்டாவது தப்பு சார். அதையும் நோட்டுல எழுத வேண்டியிருக்கும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

"கொழுப்பு!" என்றார் பெரிய டாக்டர். பத்தே நிமிடத்தில் மாற்றல் உத்தரவு தயாராகி வந்தது. அவரும் கையெழுத்தைப் போட்டார்.

அவர் செல்போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, அத்தை பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க! இடுப்பு எலும்பு போச்சு போலிருக்கு. வலி தாங்காம துடிக்கிறாங்க. ஆம்புலன்ஸ்ல அங்கேதான் வந்துக்கிட்டிருக்கோம்!"

பெரிய டாக்டரின் முகம் வெளிறிப் போனது. போனை வைத்தார். அம்மா என்றால் அவருக்கு உயிர்.

விஷயத்தைக் கேட்ட ஹெட் கிளார்க் பரபரத்தார். "கவலைப்படாதீங்க சார். ஒண்ணாம் வார்டுல ஏசி ரூம் காலியா இருக்கு. பூஜ்யம் தப்பு வார்டு சார். இப்பவே போர்வை மாத்தச் சொல்றேன்."

"யோவ், வாயை மூடுய்யா! எங்கம்மாய்யா அவங்க!"

"அப்போ மூணாம் வார்டு..."

"நாலாம் வார்டுல போடு. சிஸ்டர் ராத்திரி பகல் பக்கத்துலயே இருக்கணும்னு சொல்லு."

ஹெட் கிளார்க்குக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக 'ஆமாம் சார்' வரவில்லை. கையில் இருந்த உத்தரவையும் பெரிய டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார்... சிஸ்டரை நாளையிலேர்ந்து ஸ்டோருக்கு மாத்தி இப்பத்தான் கையெழுத்துப் போட்டீங்க. இதைக் கிழிச்சுடட்டுமா?"

பெரிய டாக்டர் உத்தரவை எட்டிப் பார்த்தார்.

"கிழிக்காதே. தேதியை மட்டும் மாத்து. அம்மா டிஸ்சார்ஜ் ஆன மறுநாள்னு போடு."