முகுந்தனின் கோட்டு

“என்னா தம்பி, யாரையாவது குத்திட்டு வந்துட்டியா?”

முகுந்தன் நீட்டிய வெள்ளைச் சமையல் கோட்டை விரித்துப் பார்த்துக் கேட்டாள் புஷ்பவல்லி. நெஞ்சின் இடது பக்கம், உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த கறை. வாரா வாரம் அதே கறை, அதே இடம்.

“கறிக்குழம்புக்கா.”

“குழம்பு மஞ்சளால்ல இருக்கும். சோப்பு பட்டாத்தான் மஞ்சள் இப்படிச் சிவக்கும். தேய்க்காம கொண்டான்னு எத்தன தடவ சொல்றது?”

“கை சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா. சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள குடுத்துடுங்க லா.”

பிரிக்பீல்ட்ஸில் இருபது வருடமாக டோபிக் கடை வைத்து ஊர்த்துணி வெளுக்கிறவள் அவள். காலரைப் பார்த்தே யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். இவன் காலரில், அவள் கடை அடையாளத்துக்குத் தைத்த சின்னச் சிவப்பு நூல் பெருக்கல் குறியைத் தவிர ஒன்றுமே இல்லை.

“அடுப்படியில நிக்கிற ஆளு. காலர்ல ஒரு பொட்டு வேர்வை இல்லியே?”

“ஏர்கோன் கிச்சன்க்கா,” என்றபடி மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போய்விட்டான்.

அவன் போன கையோடு வீரம்மா வந்தாள். பல் கிளினிக் ஒன்றில் துணிமணிக்குப் பொறுப்பு அவள்தான். வாரம் பன்னிரண்டு வெள்ளைக் கோட்டு கொண்டு வருகிறவள், இன்று வெறுங்கையோடு நின்றாள்.

“கோச்சுக்காதே புஷ்பா. இனிமே கிளினிக்லயே துவைச்சுக்கலாம்னு பாஸ் சொல்லிட்டாரு. செந்தூல் பாசார் மாலாம்ல, அதான் அந்த ராத்திரிச் சந்தையில, ஒரு பௌடர் விக்கிறாங்க. முக்கி எடுத்தா போதும், அஞ்சு நிமிஷத்துல எந்தக் கறையும் போயிடுது.”

அந்தப் பௌடர் வந்ததிலிருந்து ஏற்கெனவே இரண்டு சாப்பாட்டுக் கடைகள் புஷ்பவல்லியின் கையைவிட்டுப் போயிருந்தன. கிளினிக்கும் போனால், இந்த மாதத்தோடு கடையை இழுத்துச் சாத்த வேண்டியதுதான்.

“மஞ்சக் கறை அஞ்சு நிமிஷத்துல போவுமா? எனக்கே எலுமிச்சம்பழமும் ரெண்டு நாள் வெயிலும் வேண்டியிருக்கு.”

“என் கண்ணால பாத்தேன் லா. சனிக்கிழமை நீயே வந்து பாரு. அப்படியே உனக்கும் ஒரு பாக்கெட் வாங்கிக்க,” என்று வீரம்மா சிரித்தாள்.

அந்த வாரம் பார்த்து தினமும் மூன்று மணிக்கே மழை. வெயில் நகர்ந்த பக்கமெல்லாம் முகுந்தனின் கோட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள் புஷ்பவல்லி. சனிக்கிழமை ஐந்து மணிக்கு அவன் வந்தபோது, கோட்டு பால்போல இருந்தது.

“நீங்க இல்லன்னா எனக்குப் பொழப்பே இல்லக்கா!”

“சரி சரி, இன்னிக்காவது சட்டியில சமை.”

ஏழு மணிக்குப் பாசார் மாலாமில் நல்ல கூட்டம். பின்னால் நின்ற புஷ்பவல்லிக்கும் வீரம்மாவுக்கும் தலைகள்தான் தெரிந்தன. ஒலிபெருக்கி காதைக் கிழித்தது.

“வாங்க அங்கிள், வாங்க ஆன்டி! கறையும் உங்க கண்ணு முன்னால, வெள்ளையும் உங்க கண்ணு முன்னால!”

தலைகளுக்கு மேலே இரண்டு கைகள் ஒரு வெள்ளைக் கோட்டை உயர்த்திக் காட்டின. அதன் நெஞ்சில் ஒரு கரண்டிக் குழம்பு விழுந்தது. கைகள் கீழே இறங்கின, தண்ணீர் சளசளத்தது. ஐந்து நிமிடப் பேச்சுக்குப் பிறகு கைகள் மறுபடி உயர்ந்தபோது, கோட்டு சொட்டச் சொட்ட வெள்ளை வெளேரென்று இருந்தது. கூட்டம் கைதட்டியது.

“பாத்தியா?” வீரம்மா முழங்கையால் இடித்தாள்.

மடங்கித் தொங்கிய காலரில் இருந்த சிவப்பு நூல் பெருக்கல் குறியையே புஷ்பவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீரம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

மைக்கைப் பிடித்திருந்தவனின் பேச்சு பாதி வார்த்தையில் நின்றது. மேசைமேல் ஒரு வாளி இருக்க, விரிப்புக்குக் கீழே இன்னொரு வாளி எட்டிப் பார்த்தது. மைக்கை அணைக்க வேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை; புஷ்பவல்லியின் குரல் ஒலிபெருக்கி வழியே கூட்டம் முழுக்கக் கேட்டது.

“முகுந்தா, அடியில ஒளிச்சு வெச்சிருக்கிற கோட்ட இப்பவே குடுத்துடு தம்பி. மழையா இருக்கு, அடுத்த சனிக்குள்ள காயணும்ல?”