பொத்தையில் மட்டும் பூக்கும் செடி

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். செடிக் கணக்கு எனக்குப் புரிந்த மட்டும்தான் வரும். நடந்ததை நடந்தபடியே சொல்லிப் பார்க்கிறேன்.

ஷம்ஸியா வாய்க்கால் கரையில் உட்கார்ந்து செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றிரண்டு இல்லை, கை கொள்ளாமல்.

"ஏ பிள்ள, விடு. ஆளு வருது" என்றேன்.

கேட்கவில்லை. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

அவள் மேலப்பாளையத்துப் பெண். காலேஜ் ஆராய்ச்சிக்காக எங்கள் ஊர்ப் பொத்தையில், அந்த மொட்டைப் பாறைக் குன்றில், செடி எண்ண வந்தவள். ரெண்டு மழைக்காலமாக அவளுக்குக் கூடமாட ஒத்தாசைக்கு நான்தான். நாலு குச்சியில் கயிறு கட்டிய சட்டத்தைப் பாறைமேல் நான் பிடிப்பேன். அதற்குள் எத்தனை செடி என்று அவள் எண்ணி எழுதுவாள். பாறை இடுக்கில், மழைத் தண்ணீர் தேங்குகிற இடத்தில், விரல் உயரத்துக்கு ஊதாப் பூ பூக்குமே, அந்தச் செடி. வாய்க்கால் கரையில் அவள் பிடுங்கியதும் அதையேதான்.

"மூணே கேள்விக்கா" என்பாள். "எத்தனை ஊர்ல இருக்கு? ஒரு இடத்துல எத்தனை இருக்கு? எத்தனை மாதிரி நிலத்துல முளைக்கு? மூணுக்கும் பதில் கம்மின்னா, இந்தப் பாறையை விட்டா அதுக்குப் போக்கிடம் இல்லன்னு அர்த்தம். அப்ப பொத்தையை உடைக்க விட மாட்டாங்க."

பொத்தையை உடைத்துக் கல்லெடுக்க அனுமதி கேட்டிருப்பவர் தேவசிகாமணி அண்ணாச்சி. என் வீட்டுக்காரர் ஓட்டுவது அவருடைய லாரி. என் வீடு இருப்பதோ பொத்தைக்கு அடியில். பக்கத்து ஊரில் வெடி வைத்தபோது வீட்டுச் சுவரெல்லாம் கீறிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பக்கம் பயப்படுவது என்று தெரியாமல் ரெண்டு பக்கமும் பயந்துகொண்டிருந்தேன்.

"செடியைக் காப்பாத்த வந்தவ பிடுங்குத பிடுங்கலைப் பாத்தீரா வே!" என்றார் டீக்கடை முத்துமாலை.

"பொத்தையில மட்டும்தான் இருக்குன்னு எழுதியாச்சு. இங்கனயும் முளைச்சிட்டா நோட்டு பொய்யாப் போகும்லா?" என்று யாரோ சிரித்தார்கள்.

அண்ணாச்சி சத்தமே போடவில்லை. பைய வந்து நின்றார்.

"ஏம்மா, படிச்ச பிள்ள. இது வாய்க்கால் கரை. குளத்தங்கரையிலயும் கெடக்கு. பாத்த இடமெல்லாம் முளைக்குத செடிக்கு என்னத்துக்கு இம்புட்டுப் பாடு? நாளைக்கு அனுமதி விசயமா அதிகாரி வருதாரு. அவருட்டயே கேப்போம்."

ஷம்ஸியா எழுந்தாள். "திருட்டுக் கழுத" என்று கூட்டத்தில் ஒரு குரல். அவள் காதிலும் விழுந்தது.

"நீ என்ன பேசாம நிக்க, ஏளா? நீதான அவ கூடவே திரியுத?" முத்துமாலை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு என்ன தெரியும்? சட்டம் பிடிக்கச் சொன்னா பிடிப்பேன்."

என் வீட்டுக்கு வந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்த பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"ஆத்திரத்துல பிடுங்கிட்டேன்க்கா. தப்புதான். ஆனா அது தானா முளைச்சது இல்ல. பொத்தையிலருந்து பேத்துட்டு வந்து நட்டிருக்காங்க. எல்லா மண்ணுலயும் வளரும்னு காட்டணும்ல? தண்ணி ஊத்துறதை நிப்பாட்டினா பதினஞ்சு நாள்ல காஞ்சிரும்."

செம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். "எத வச்சுச் சொல்லுத?"

"குளத்தங்கரையில போய்ப் பாருங்க. அங்க நான் கை வைக்கல. ஒரு சாணுக்கு ஒண்ணு, நூல் பிடிச்ச மாதிரி நிக்கு. காத்துல வந்த விதை அப்படியா முளைக்கும்? வயல்ல நடவு நட்டுப் பழகின கைக்கா அது."

"போட்டோ எடுத்துக் காட்டேன்."

"நானே நட்டு எடுத்தேன்னு சொல்லுவாங்க. அதிகாரி கண்ணால பாக்கட்டும்." நோட்டைப் பைக்குள் வைத்தபடி சொன்னாள்: "நட்டது யாருன்னு நான் கேக்கவே மாட்டேன்க்கா. சொன்ன வேலையைச் செஞ்சிருப்பாங்க, பாவம். பொத்தை நின்னாப் போதும் எனக்கு."

மறுநாள் அதிகாரி குளத்தங்கரையில் குனிந்து குனிந்து பார்த்தார். அங்கே ஒன்று, இங்கே ஒன்று. புல்லுக்குள் ரெண்டு. கல்லை ஒட்டி ஒன்று.

"தானாப் பரவினதுதான்" என்று எழுதிக்கொண்டார். "நீங்க எதுக்கும்மா வாய்க்கால் கரையில பிடுங்குனீங்க?"

"சார், நேத்து வரைக்கும் இங்க வரிசையா..." ஷம்ஸியா குனிந்து புல்லை விலக்கி விலக்கித் தேடினாள்.

அண்ணாச்சிகூட ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு சிரித்தார்.

சாயங்காலம் அவளைப் பஸ் ஏற்றிவிடக் கல்லிடைக்குறிச்சி வரைக்கும் போனேன். இனி வர மாட்டாள் என்று எனக்குத் தெரியும். படியில் ஏறி, திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"அந்த ஊர்ல நீங்க ஒருத்திதான்க்கா என்னை நம்புனீங்க."

தலையை ஆட்டினேன். பஸ் போனது.

அண்ணாச்சி கொடுத்த செடிகளை, எதற்கென்று ஒரு வார்த்தை கேட்காமல், குளத்தங்கரையில் சாணுக்கு ஒன்றாக நட்டது என் கை. அதிகாரி வருவதற்கு முந்தின நாள் அந்தியில், அவள் என் வீட்டை விட்டுப் போன பிறகு, துணி துவைக்கப் போகிறவள் மாதிரி வாளியோடு போய், ஒவ்வொன்றாகப் பேர்த்து, வரிசை தெரியாதபடி அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றி வைத்து, பழைய குழிகளை மூடிவிட்டு வந்தேன்.