குன்றின் மேல் காலாட்படை

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில், கம்ப்யூட்டர் போர் விளையாட்டுக்கு உட்கார்ந்த ஒரே பெண் கோமளா. அவள் தோற்றால் இனி அந்தப் பக்கமே வரக்கூடாது என்று அங்கே தினமும் விளையாடும் தணிகாசலம் பந்தயம் கட்டியிருந்தான்.

அவன் எடுத்தது குதிரைப்படை. அவள் ஈட்டி பிடித்த நூறு காலாட்படை வீரர்களை எடுத்து, திரையில் தெரிந்த குன்றின் மேல் நெருக்கமாக நிறுத்தினாள்.

"இன்னா கோமளா, நடந்தே வந்து ஜெயிப்பியா?"

கோமளா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குதிரைகள் மேடேறி வந்தன. ஈட்டிகளில் மோதிப் பாதி விழுந்தன. மீதி திரும்பி ஓடின.

"தொரத்திகினு வா, பாக்கலாம்!"

அவள் துரத்தவில்லை. கீபோர்டில் 'நில்' என்ற கட்டளைக்கான பொத்தானை மட்டும் மறுபடி மறுபடி அழுத்தினாள்.

"எறங்கி வாம்மே! பயமா கீதா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்போதும் அவள் படை அசையவில்லை. பொறுமையிழந்த தணிகாசலம் மிச்சமிருந்த குதிரைகளையும் குன்றில் ஏற்றினான். ஒன்றுகூடத் திரும்பவில்லை.

"அசையாம நிக்கணும்னு யாரு கத்துக் குட்த்தா?" என்றபடி அவளுடைய மவுஸைப் பிடித்து இப்படியும் அப்படியும் நகர்த்தினான். திரையில் அம்புக்குறி நகரவே இல்லை.

"இது செத்துப் போய்கீதே!"

"ஆளுங்கள நிறுத்தி முடிச்சதுமே போயிடுச்சு."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லியிருந்தா, பொண்ணு சாக்கு சொல்றான்னு சிரிச்சிருப்பீங்க."

கோமளா கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாத்த, வேற மவுஸ் ஒண்ணு குடுங்க. அடுத்து யாரு வர்றீங்க?"