பத்து லட்சத்து ஒன்று

"வாத்தியாரே, இந்த மீனை ரெண்டா வெட்டலாமா? இல்ல, இதுவும் எதாலயும் வகுபடாதா?"

மீன்காரர் தனாசிஸ் கேட்டதும் கிரீஸின் வோலோஸ் நகரச் சந்தையில் நின்ற வரிசையே சிரித்தது. ஸ்டமாட்டிஸ் தலையைக் குனிந்துகொண்டு, மீன் வாங்காமலேயே வீட்டுக்குத் திரும்பினார்.

ஊரையே திருத்தியவர் அவர். பாதிரியார் பிரசங்கத்தில் ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொன்னால்கூட, எழுந்து நின்று சரியானதைச் சொல்வார். அப்படிப்பட்டவரை, தொலைக்காட்சியில் நடந்த தம்பதிகள் போட்டியில், நாடே பார்க்க ஓர் எண் கவிழ்த்துவிட்டது.

அவரும் மனைவி ஃபோதினியும் கணித ஆசிரியர்கள். கடைசிக் கேள்வி வரை வந்துவிட்டார்கள். ஜெயித்தால் புதுக் கார்.

"பத்து லட்சத்து ஒன்று. இது பகா எண்ணா, இல்லையா?"

மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று மனதுக்குள் அவசரமாக வகுத்தார். எல்லாவற்றிலும் மீதி வந்தது.

"பகா எண்தான். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார்.

"அம்மா, நீங்களும் ஒத்துக்கிட்டாத்தான் பதிலை எடுத்துக்குவோம்" என்றார் தொகுப்பாளர்.

"அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தாள் ஃபோதினி.

திரையில் விடை வந்தது: 101 × 9901.

அன்றிலிருந்து அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

இப்போது சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "மீன் எங்க?" என்றாள்.

"வாங்கல. அவன் கிண்டல் பண்றான்." நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "பள்ளிக்கூடத்துல கரும்பலகை முழுக்க அந்த எண்ணை எழுதி வெச்சிருக்கானுங்க. அழிக்கக்கூட கை வரல. நீயும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா நான் எங்க போவேன்?"

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"காரை விடு. என்னால நீயும் தலைகுனிஞ்சு நிக்க வேண்டியதாப் போச்சு. மன்னிச்சுடு, ஃபோதினி."

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தை அது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கண்ணில் வழிந்தது வெங்காயத்தால் அல்ல.

"என்கிட்ட மன்னிப்புக் கேக்காதீங்க. எனக்குக் கோபமே இல்ல. உங்க முகத்தைப் பார்க்க வெக்கமா இருக்கு, அவ்வளவுதான்."

"உனக்கு என்ன வெக்கம்? நீ பாவம், என்னை நம்பிட்ட."

"நம்பல. நீங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே நூத்தியொண்ணால வகுத்து முடிச்சுட்டேன்" என்றாள் ஃபோதினி. "எல்லார் முன்னாடியும் நீங்க தப்பா சொல்றதை ஒரே ஒரு தடவை பார்க்கணும்னு இருந்துச்சு."