மூன்றாம் வால்வு

அமிலக் குழாயின் மூன்றாம் வால்வு எப்போதும் உலர்ந்தே கழன்று வரும். மற்றவற்றை மூடிய நிலையில் கழற்றினால், உள்ளே வழியைத் திறந்து மூடும் உருண்டையின் துளையில் உள்ளங்கையளவு அமிலம் சிக்கி நிற்கும். வாளிக்கு நேரே பிடித்துத்தான் காற்றைக் கொடுத்து உருண்டையைத் திருப்ப வேண்டும். மூன்றாவதில் சீல் வளையம் தேய்ந்து கிடந்ததால், சிக்கியதெல்லாம் தானே கசிந்து போய்விடும். அதற்கு மட்டும் யாரும் வாளி எடுப்பதில்லை. உருண்டை திரும்புகிறதா என்று நேராகக் கண்ணை வைத்துப் பார்ப்பார்கள்.

தங்கை கல்யாணம் முடிந்து சகாயம் அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தான். மூன்றாம் வால்வின் உருண்டை திரும்ப முடியாமல் திணறுகிறது என்றார்கள். கழற்றி வந்து மேசையில் வைத்து, காற்றுக் குழாயைச் செருகினான்.

"கண்ணாடி மாட்டிக்கடா" என்றாள் பக்கத்து மேசையிலிருந்த பொற்கொடி, தலை நிமிராமல்.

"மூணாம் நம்பருக்கா. இதுல என்ன இருக்கப்போவுது?"

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. கையிலிருந்த போல்ட்டைத் தொடர்ந்து துடைத்தாள். அவன் குனிந்து, வால்வின் வாயில் வலது கண்ணை வைத்தான். கட்டைவிரல் காற்றுப் பொத்தானைத் தேடிப் பிடித்தது.

"என்னக்கா, சீல் வெள்ளவெளேர்னு இருக்கு! யாரு மாத்துனது?"

போன வாரம் மாற்றியவள் பொற்கொடிதான். ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை என்று சோதித்துப் பார்த்துத் திருப்திப்பட்டவளும் அவள்தான்.

அவள் நிமிர்ந்தபோது பொத்தான் பாதி அமுங்கியிருந்தது.