நாடி பார்த்து அனுப்பிய கார்கள்

எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யலாம், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது.

தென்காசியில் கார் ஷோரூம் வைத்திருந்த உச்சிமாகாளியின் மணிக்கட்டில் கம்பெனி ஒரு பட்டையைக் கட்டியிருந்தது. எத்தனை வண்டி வேண்டுமென்று எழுதிக் கேட்கிற காலமெல்லாம் போய்விட்டது. அவர் நாடி வேகமாகத் துடித்தால் வியாபாரம் சூடு என்று கார்கள் தானாகக் கிளம்பிவிடும். வந்ததைத் திருப்ப முடியாது. பட்டையில் நாடி நின்றால் ஏஜென்சி ரத்து.

ஆடி முதல் தேதி பத்துக் கார் வந்து இறங்கியது. அவருக்குக் கோபம் வந்தது. மறுநாள் இருபது வந்தது. ஆடியில் கல்யாணம் இல்லாமல் கிடந்த மண்டபத்தைப் பிடித்து வண்டிகளை நிறுத்திவிட்டு, கம்பெனிக்குப் போன் போட்டார்.

“யாரைக் கேட்டுல அனுப்புத? ஆடியில எவன்ல புதுவண்டி எடுப்பான்?”

“அண்ணாச்சி, ஏசாதீங்க. நீங்க ஏச ஏச இங்க லாரி கிளம்புது” என்றார் அதிகாரி.

“ஏசாம, ஒன்னயக் கொஞ்சவால செய்யணும்?”

நாற்பது வந்தது. வீட்டுக்குள் போக ஒரு காரின் இடது கதவில் ஏறி வலது கதவில் இறங்க வேண்டியிருந்தது. இன்னும் ஒரு லோடு வந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

அவர் மனைவி முப்பிடாதி பட்டையைக் கழற்றி, வீட்டோடு கிடந்த தன் தம்பி பலவேசத்தின் கையில் மாட்டினாள். “இவனுக்கு எதுக்குமே கோவம் வராது.”

பலவேசம் புரண்டு படுத்தான். அன்றோடு லாரி நின்றது. உச்சிமாகாளி தொண்டை கட்டும்வரை, ஆசை தீர, கம்பெனியை ஏசினார்.

இவ்வளவையும் கண்ணால் பார்த்ததாகச் சொல்லும் ஒரே சாட்சி பலவேசம். அந்த ஆடி முழுக்க அவன் கண்ணைத் திறக்கவே இல்லை.