பாராசூட் சவாரி

“கயிற விடு ஹில்டா, எல்லாரும் பாக்கறாங்க...”

“பாக்கட்டும். நீங்க இதுல ஏறக் கூடாது.”

“படகு காத்துகினு கீது. துணியப் போயி இன்னாத்துக்குத் தடவினுகீற? பயமா இருந்தா ரூமுக்குப் போ.”

“பயந்தான். சும்மா இருங்க.”

மலேசியாவின் லங்காவித் தீவில், கடற்கரை விடுதியில் மூன்று நாளாக இளநீரும் சாய்வு நாற்காலியுமாகச் சுகமாய்க் கிடந்த ராயப்பனுக்கு, ஆவடி திரும்புமுன் படகு இழுக்கும் பாராசூட்டில் ஒருமுறை பறந்துவிட வேண்டும். மனைவி ஹில்டாவோ மணலில் விரித்திருந்த பாராசூட்டருகே மண்டியிட்டு, தையலை விரலால் நீவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. லேசாக இழுத்தாள், தையல் பிரிந்து வாய் திறந்தது.

படகுக்காரர் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். குனிந்து பார்த்தவரின் முகம் வெளிறியது. ஓடிப்போய் வேறு பாராசூட்டை எடுத்து வந்து, அதையும் அவளிடமே நீட்டினார்.

“எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?”

ராயப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. “ஆவடி ஃபேக்டரியில முப்பது வருஷம் பாராசூட் தச்ச கை சார் அது.”

புதியதையும் அங்குலம் அங்குலமாகத் தடவி முடித்த ஹில்டா, பெல்ட்டை எடுத்துத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டாள்.

“தச்சதோட சரி, ஒருநாளும் ஏறினதில்ல. நீங்க தள்ளி நில்லுங்க, மொதல்ல நான் போயிட்டு வரேன்.”